ஜமீர் வெளுத்த பல்

ஸ்லைடைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஸ்தனிஸ்லாஸுக்கு முதலில் தன் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மிக்கேலம்மாளின் பல் பளீரென்று வெள்ளையாக இருந்தது.

அடுத்த ஸ்லைடை எடுத்தார். சவரிமுத்துவின் பல்லும் வெள்ளை. அதற்கடுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று 'ஈ' என்று இளித்துக் காட்டிய படம். அதில் ஒரு பல்லில்கூடக் கறை இல்லை.

"ஜமீர், என்ன இது?" என்றார். குரல் அடங்கித்தான் வந்தது. அடங்கி வந்தால் பின்னால் பெரிதாக ஒன்று வரப்போகிறது என்பது அவர் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஸ்டுடியோக்காரருக்குத் தெரியாது.

"நல்லா வந்திருக்குதுங்களா சார்?" என்று ஜமீர் பூரித்துப் போனார். "ஒவ்வொரு பல்லா ஊசி முனையில சொரண்டி எடுத்தேனுங்க. கண்ணே அவிஞ்சு போச்சு."

தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், காலை நேரத்தில், ஒரு மனிதர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே விட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் ஊத்துப்பள்ளத்துக்குச் சுகாதார ஆய்வாளர். நல்லம்பள்ளியைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர். பெயரில் மட்டும்தான் ஊற்று. ஊர் குடிப்பது போர்வெல் தண்ணீர். அதில் இருக்கும் புளோரைடு, சின்ன வயதிலிருந்து குடிப்பவர்களின் பல்லில் பழுப்பாக ஏறும். நாற்பது வயதில் முட்டியில் இறங்கும். இதை அவர் எழுதாத மனு இல்லை, போய் நிற்காத ஆபீஸ் இல்லை. எல்லோரும் பரிவோடு கேட்டுக்கொண்டு, மனுவை வாங்கி, மின்விசிறிக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தார்கள்.

இப்போது ஒரு வழி திறந்திருந்தது. வெளியூர் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தில் மூன்று ஊர்களில் ஒன்றைத்தான் சேர்க்க முடியுமாம். எந்த ஊர் என்று முடிவு செய்யச் சென்னையிலிருந்து குடிநீர் இலாகாவின் பெரிய இன்ஜினியர் நேரில் வருகிறார். வருவது இன்று மதியம்.

மனுவால் ஆகாததைப் படத்தால் சாதிக்கலாம் என்று ஸ்தனிஸ்லாஸ் முடிவு கட்டினார். போன வருடம் இலாகா அவரை மதுரைப் பக்கம் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. ஸ்லைடு காட்டி மக்களைக் கவர்வது எப்படி என்பது பாடம். படம் பேச வேண்டும், நீ குறைவாகப் பேசு. திரையைப் பார்த்துப் பேசாதே, ஆளைப் பார்த்துப் பேசு. ஆரம்பத்தில் ஒரு ஹாஸ்யம் சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன நடந்தாலும் கோபப்படாதே. இந்தக் கடைசி விதியைச் சொன்ன ஆசிரியர்மேலேயே கோபப்பட்டுவிட்டு வந்தவர் ஸ்தனிஸ்லாஸ். இருந்தாலும் விதிகள் மனப்பாடம்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேமராவையும் புரொஜக்டரையும் கடன் வாங்கினார். ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, சிலரை மட்டும் வாய் திறக்க வைத்துப் படம் எடுத்தார். கலர் பிலிம் பம்பாய் போய்க் கழுவப்பட்டு வந்தது. ஜமீர் செய்ய வேண்டியதெல்லாம் அதைத் துண்டு துண்டாக வெட்டி அட்டைச் சட்டத்தில் பொருத்துவது மட்டுமே.

ஜமீர் அமைதியாகச் சொன்ன பதிலில் கோபப்பட இடமே இல்லை. அதுதான் ஸ்தனிஸ்லாஸை இன்னும் கொதிக்க வைத்தது.

"பல்லு தெரியற படம்னு வந்தா வெளுக்காம குடுக்க மாட்டோமுங்க சார். பொண்ணு போட்டோவோ, மாப்பிள்ளை போட்டோவோ, மொதல்ல பல்லு, அப்புறம்தான் மத்ததெல்லாம். வெளுக்கட்டுமான்னு கேக்கவும் மாட்டோம். கேட்டா அவங்களுக்குச் சங்கடமில்லீங்களா? எங்கப்பா காலத்துல இருந்தே கேட்டதில்லீங்க. இதுக்குன்னு தனியா ஒரு காசு வாங்கினதும் இல்லை."

"கறையைக் காட்டத்தான்யா படமே எடுத்தேன்."

"பல்லைக் காட்டோணும்னு யாராச்சும் படம் எடுப்பாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஸ்தனிஸ்லாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஊத்துப்பள்ளத்துக்கு மாற்றலாகி வந்தபோது மகள் ரெஜினா கைக்குழந்தை. இப்போது பால்பல் விழுந்து முன்பல் முளைத்திருக்கிறது. முளைக்கும்போதே குறுக்கே பழுப்புக் கோடு. போன மாதம் அவர் சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்ததைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. கற்றுக்கொடுத்தது தான்தான் என்று மனைவி புஷ்பமேரி ஒப்புக்கொண்டு அழுதாள். அன்று ஏறிய கோபம் அவருக்கு இன்னும் இறங்கவில்லை.

"நீ வெளுத்ததை நீயே கறுப்பாக்கு" என்றார் ஜமீரிடம்.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டும் சாயம் ஜமீரிடம் இருந்தது. பழுப்பு மட்டும் தீர்ந்துபோயிருந்தது. சிவப்பில் கொஞ்சம் பச்சையைக் கலந்து, மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொரு பல்லுக்கும் பூசினார். சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அசல் ஊத்துப்பள்ளத்துப் பல். ஸ்தனிஸ்லாஸ் முதன்முறையாக மூச்சு விட்டார். அங்கே ஏதாவது ஆனால் திருத்த வேண்டுமென்று ஜமீரையும் சாயப் பெட்டியோடு ஸ்கூட்டரில் கிளப்பினார். ஜமீர் வழக்கம்போலக் கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஊத்துப்பள்ளத்தில் கோயில் பள்ளிக்கூடத்து நீள அறையில் ஊரே உட்கார்ந்திருந்தது. திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. ஆனால் எல்லாச் சன்னலும் திறந்து கிடந்தன. எதற்கும் கதவு கிடையாது. உச்சி வெயில் உள்ளே கொட்டியது. இந்த வெளிச்சத்தில் எந்தப் படமும் தெரியாது.

அறையை இருட்டாக்கும் வேலையை ஊர்ப் பெரியவர் சவரிமுத்துவிடம் நேற்றே ஒப்படைத்திருந்தார். எங்கே இருட்டு என்று கேட்டார். தயாராக இருப்பதாகச் சொல்லி, சவரிமுத்து தன் வீட்டிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து சன்னலுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டார். அறை கும்மிருட்டானது. ஸ்தனிஸ்லாஸ் நன்றி சொல்ல வாயைத் திறந்தார், தும்மினார். முன் வரிசை தும்மியது. பிறகு அறை மொத்தமும் தும்மியது.

"என்ன சாக்குங்க இது?"

"மொளகாச் சாக்குதான். ஒதறிட்டுத்தான் கொண்டாந்தேன்" என்றார் சவரிமுத்து, கண்ணீரைத் துடைத்தபடி.

வேறு சாக்குத் தேடப் போவதற்குள் ஜீப் வந்து நின்றது.

பெரிய இன்ஜினியர் உயரமான மனிதர். சாம்பல் நிறச் சபாரி. நரைத்த தலை. இறங்கும்போதே கர்ச்சீப்பால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் புழுதி ஐயாவுக்கு ஆகவில்லையாக்கும் என்று ஸ்தனிஸ்லாஸ் பல்லைக் கடித்தார். வணக்கம் சொன்னவர்களுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். சவரிமுத்து நீட்டிய செம்புத் தண்ணீரை மட்டும் மறுக்காமல் வாங்கி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மடமடவென்று குடித்தார். முகம் சுளிக்கவில்லை. கூட வந்த குமாஸ்தா ஒரு மிடறு குடித்துவிட்டு வேலியோரம் துப்பினார். இந்தத் தண்ணீரின் ருசி தெரியாத நாக்கைக் கொண்ட ஒரு மனிதரிடம் எதைப் புரியவைப்பது என்று ஸ்தனிஸ்லாஸுக்கு ஆத்திரமாக வந்தது.

அறைக்குள் மிளகாய் நெடி. இன்ஜினியர் கர்ச்சீப்பை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

விதிப்படி ஸ்தனிஸ்லாஸ் ஒரு ஹாஸ்யம் சொன்னார். பல் டாக்டரையும் கிளியையும் பற்றியது. பயிற்சியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த கதை. இங்கே ஆண்கள் துண்டையும் பெண்கள் முந்தானையையும் வாய்க்குக் கொண்டுபோனார்கள். சத்தமே இல்லை. இன்ஜினியர் கர்ச்சீப்புக்குள் இருமினார். அது தும்மலா, அலுப்பா என்று தெரியவில்லை.

முதல் ஸ்லைடு விழுந்தது. மிக்கேலம்மாளின் வாய், வேட்டி அகலத்துக்கு.

சன்னல் வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்த சாயம் புரொஜக்டர் விளக்கில் செக்கச்செவேலென்று இருந்தது.

"வெத்தலையா?" என்றார் இன்ஜினியர். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

இல்லை சார் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்வதற்குள் பெண்கள் பக்கத்தில் மிக்கேலம்மாள் எழுந்து நின்று, தன் ஆயுசில் வெற்றிலை தொட்டதில்லை என்றும், எந்தக் கடங்காரன் தன் வாயில் அதைப் போட்டது என்றும் கேட்டாள். ஜமீர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

குழந்தைகள் படத்தைக் காட்டினால் வெற்றிலைச் சந்தேகம் தீரும் என்று ஸ்தனிஸ்லாஸ் அவசரமாக அதைத் தள்ளினார். வரிசையாகப் பிள்ளைகள், வரிசையாகச் சிவந்த பற்கள். அது வெற்றிலை இல்லை என்று விளக்கப் புகுந்த ஸ்தனிஸ்லாஸ் கொஞ்சம் நீட்டிவிட்டார். புரொஜக்டர் பழசு, அதன் மின்விசிறி எப்போதோ நின்றுபோனது. விளக்கின் சூட்டில் சாயம் இளகியது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகளின் வாயிலிருந்து சிவப்பாக ஏதோ மெதுவாக வழிந்து தாடையில் இறங்கியது. வழிந்த இடத்தில் ஜமீர் சுரண்டிய வெள்ளைப் பல் வெளிவந்தது.

பின் வரிசையில் ஒரு தாய் மாதாவே என்றாள். ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. இன்ஜினியரின் தோள் லேசாகக் குலுங்கியதை ஸ்தனிஸ்லாஸ் பார்த்தார். பரிகாசம் என்று எடுத்துக்கொண்டார்.

புரொஜக்டரை அணைத்தார். சாக்குகளைத் தானே இழுத்துக் கீழே போட்டார். மிளகாய்த் தூள் இன்னொரு முறை கிளம்பியது. படம் வேண்டாம், ஆளையே காட்டுகிறேன் என்று மிக்கேலம்மாளை முன்னால் வரச் சொன்னார்.

மிக்கேலம்மாள் வந்தாள். முந்தானை வாயில். எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.

"எம்பொண்ணப் பாக்க வந்தவங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க சார். தாயிப் பல்லப் பாத்துட்டு மகளையும் வேணாங்குவாங்க" என்று கிசுகிசுத்தாள்.

சவரிமுத்துவைப் பார்த்தார். சவரிமுத்து துண்டைக் கடித்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தார். அறையில் இருந்த ஒவ்வொரு வாயும் மூடியிருந்தது.

விதிகள் எல்லாம் அத்தோடு ஸ்தனிஸ்லாஸை விட்டுப் போயின.

"மூடிக்கோங்க. நல்லா மூடிக்கோங்க" என்று ஆரம்பித்தார். "கல்யாணம்னா மூடுறீங்க, போட்டோன்னா வெளுக்குறீங்க, குழாய் குடுக்க ஒரு மனுசன் வந்தா துண்டைக் கடிக்கிறீங்க. நோய்க்காரன் டாக்டர்கிட்ட நோயை மறைச்சா அவன் எதுக்குய்யா மருந்து குடுப்பான்? உங்களுக்காக நான் ஆபீஸ் ஆபீஸாக் கத்திக்கிட்டு அலையறேன், நீங்க இங்க மானத்தைக் காப்பாத்துறீங்க. எம்பொண்ணுக்கு ஏழு வயசு. வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறா. அவ யாரு மானத்தைக் காப்பாத்தணும்? சொல்லுங்க."

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அதற்காகவும் அவருக்குக் கோபம் வந்தது. வாசல் பக்கம் நின்றிருந்த புஷ்பமேரி மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மிக்கேலம்மாள் முந்தானைக்குள்ளிருந்து நிதானமாகச் சொன்னாள். "எங்களையே வையறீங்களே. அந்த ஐயாவுந்தான் வந்ததுல இருந்து வாயத் தொறக்கல. அவரு கர்ச்சீப்ப எடுக்கட்டும், நானும் முந்தானைய எடுக்கறேன்."

சவரிமுத்து அவளை உட்காரச் சொல்லிச் சீறினார். ஸ்தனிஸ்லாஸுக்கோ, அன்று முழுவதும் அந்த அறையில் யாராவது உருப்படியாகப் பேசியது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

"அவங்க கேக்கறதுல தப்பில்லை சார்" என்று இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க ஊரு உங்களுக்கு அவ்வளவா நாறுது?"

வேலை போய்விட்டது என்று அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. குழாயும் போய்விட்டது. வாயிலிருந்து போனதை எப்படித் திரும்ப எடுப்பது? குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

இன்ஜினியர் எழுந்தார். கர்ச்சீப்பை எடுக்கவில்லை. வேட்டித் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படத்தில் பல்லை வெளுத்தது யார் என்று கேட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் தூணுக்குப் பின்னாலிருந்த ஜமீரை நோக்கிக் கையை நீட்டினார். ஒரு வேலையைச் சொன்னால் இன்னொரு வேலையைச் செய்யும் ஆள் என்று சேர்த்துச் சொன்னார். ஜமீர் வெளியே வந்து சலாம் வைத்தார். இன்ஜினியர் அவரை நீண்ட நேரம் பார்த்தார். திட்டவில்லை.

பிறகு வாசலை நோக்கி நடந்தார். புஷ்பமேரியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ரெஜினா அருகில் மட்டும் ஒரு கணம் நின்றார். அவள் தலையில் கை வைத்தார்.

"இந்த ஊருதான்" என்றார் குமாஸ்தாவிடம். "வூட்டுக்கு வூடு குழாய். மத்த ரெண்டு ஊரைப் பாக்க வேண்டாம், வண்டிய சேலத்துக்கு விடச் சொல்லு."

யாரும் உடனே நம்பவில்லை. குமாஸ்தா இன்னொரு முறை சொன்ன பிறகுதான் ஊர் எழுந்து நின்றது. இந்த ஊர்க்காரர்களைப் போலவே மெட்ராஸ்காரர்களும் வூடு என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று, அந்த மகிழ்ச்சியின் நடுவிலும், ஸ்தனிஸ்லாஸின் மூளையில் எங்கோ ஒரு மூலையில் ஓடியது.

ஜீப் கிளம்பும் முன் ஜமீர் எல்லோரையும் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். முன்னால் ஸ்தனிஸ்லாஸ், நெஞ்சை நிமிர்த்தி. உயரமானவர் என்பதால் இன்ஜினியர் பின் வரிசையில். கேமராவை ஜமீர் கண்ணில் வைத்த நேரம், சார் இப்போதாவது சிரிக்கிறாரா, இல்லை அதற்கும் எங்களைத்தான் திட்டுவாரா என்று மிக்கேலம்மாள் கேட்டாள். பின்னாலிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வெடித்தது. யார் என்று திரும்பிப் பார்க்க ஸ்தனிஸ்லாஸுக்கு ஆசைதான். படம் எடுக்கும்போது கேமராவைத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி.

அடுத்த மாதமே குழாய் பதிக்க ஊருக்குள் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். ஸ்தனிஸ்லாஸின் பெயர் இலாகா முழுக்கப் பரவியது. ஸ்லைடு காட்டி ஓர் ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்தவர் என்று பயிற்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது, பாடம் கேட்க அல்ல, பாடம் நடத்த. அவர் தன் சொந்த விதிகளைத் தயார் செய்துகொண்டார். படம் கோணலாக இருந்தாலும் பேச்சு நேராக இருக்க வேண்டும். அதிகாரி முகம் கொடுக்கவில்லை என்றால் விடாதே, முகத்துக்கு நேரே கேள். தேவையான இடத்தில் கோபப்படு. எப்பேர்ப்பட்ட கல்லையும் ஒரு நல்ல உரை கரைத்துவிடும் என்று புஷ்பமேரியிடம் தினமும் சொன்னார். அவள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டே கேட்டாள்.

பாடத்தின் முதல் ஸ்லைடாக அந்த வாசல் படத்தையே போடுவது என்று தீர்மானித்து, அவர் மறுபடி ஜமீரின் ஸ்டுடியோவுக்குப் போனார். போகும்போதே கோபத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"இந்தத் தடவை யாரோட பல்லையும் தொடாதே. எல்லாரும் எப்படி நின்னாங்களோ அப்படியே வேணும். எதையாவது சொரண்டியிருந்தா இங்கயே உன்னைச் சொரண்டிடுவேன்."

ஜமீர் பெரிதாக்கிய படத்தை மேசைமேல் வைத்தார். வழக்கம்போலத் துண்டுகள், முந்தானைகள், பொத்திய கைகள். முன்னால் ஸ்தனிஸ்லாஸ் இறுகிய முகத்தோடு. அவர் தலைக்கு மேலே, பின் வரிசையில், ஒரே ஒரு வாய் மட்டும் அண்ணாந்து முழுதாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் யாரையும் கேட்டதே இல்லீங்க, மொத தடவையா கேக்கறேன்" என்றார் ஜமீர், தயங்கித் தயங்கி. "இன்ஜினியரய்யா பல்ல இப்படியே விட்டுடட்டுங்களா, இல்ல அவரு கல்யாணத்துக்கு எங்கப்பா வெளுத்துக் குடுத்த மாதிரி நானும் வெளுத்துடட்டுங்களா?"